எஸ்எஃப்சி கைவிரிக்கும்போது: விண்டோஸ் கோப்புச் சிதைவும் லாக் படிக்கும் முறையும்

விண்டோஸ் கணினி அடம்பிடிக்கத் தொடங்கினால் முதலில் கிடைக்கும் அறிவுரை, "எஸ்எஃப்சி ஓட்டிப் பாருங்கள்" என்பதுதான். எஸ்எஃப்சி என்பது விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருக்கின்றனவா என்று சோதிக்கும் கட்டளை. ஸ்டார்ட் மெனு திறக்காவிட்டாலும் அதே மருந்து, அப்டேட் பாதியில் நின்றாலும் அதே மருந்து. ஓட்டுகிறோம். கொஞ்ச நேரம் கழித்து, சிதைந்த கோப்புகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று ஒரு வரி வருகிறது. மறுபடி ஓட்டினாலும் அதே வரி. எந்தக் கோப்பு, ஏன் முடியவில்லை, இனி என்ன செய்வது என்பதெல்லாம் அந்த ஒற்றை வரியில் இல்லை. லாக்கில், அதாவது விண்டோஸ் தான் செய்ததை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில், இருக்கிறது. ஆனால் லாக்கைத் திறந்தால் பல்லாயிரம் வரிகள். எதைப் படிப்பது, எதை விடுவது என்று தெரிந்தால் அதில் பத்து வரி போதும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். சாய்கோட்டுக்கு முன் ஓர் இடைவெளி விட வேண்டும், பின்னால் விடக் கூடாது.

எஸ்எஃப்சி செய்வது என்ன?

ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேடி, அதன்மேல் வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இப்படித் தட்டுகிறோம்:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்

விண்டோஸின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மேனிஃபெஸ்ட் உண்டு. அந்தப் பாகத்தில் என்னென்ன கோப்புகள், ஒவ்வொன்றின் ஹாஷ் மதிப்பு என்ன என்று அதில் குறித்திருக்கும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு எடுக்கும் 32 பைட் எண். கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் இந்த எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். எஸ்எஃப்சி பாதுகாக்கப்பட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஹாஷ் கணக்கிட்டு, மேனிஃபெஸ்ட்டில் உள்ளதோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் நல்ல நகலை எடுத்து வைக்கப் பார்க்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் போட்டோக்களையோ, நீங்கள் நிறுவிய டேலி, போட்டோஷாப் போன்றவற்றையோ அது தொடுவதே இல்லை.

அந்த நல்ல நகல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எக்ஸ்பி காலத்தில் டிஎல்எல்கேஷ் என்ற ஃபோல்டரில் தனி நகல்கள் இருந்தன. அதிலும் இல்லையென்றால் சிடியைப் போடச் சொல்லும். 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து ஏற்பாடு மாறியது. இப்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் விண்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர்தான் களஞ்சியம். இதைத்தான் காம்பொனென்ட் ஸ்டோர் என்கிறார்கள். சிஸ்டம்32-இல் நாம் பார்க்கும் கோப்புகளில் பெரும்பாலானவை தனிக் கோப்புகள் அல்ல, களஞ்சியத்தில் உள்ள அதே கோப்புக்கு இன்னொரு பெயர். இதற்கு ஹார்டு லிங்க் என்று பெயர். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் இருப்பதைப் போல. பெயர் இரண்டு, ஆள் ஒன்று. விண்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் எக்ஸ்ப்ளோரரில் மலைபோலத் தெரிவதற்கும் இதுவே காரணம்: ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுகிறது. இடம் பிடிக்கிறதே என்று அதற்குள் புகுந்து கையால் அழிப்பவர்கள் தங்கள் விண்டோஸுக்குத் தாங்களே குழி தோண்டுகிறார்கள்.

இது புரிந்தால் எஸ்எஃப்சியின் பதில்கள் தானே விளங்கும். ஒரு மென்பொருள் சிஸ்டம்32-இல் இருந்த கோப்பை அழித்துவிட்டு, அதே பெயரில் தன்னுடைய கோப்பை வைத்தது என்று வையுங்கள். பெயர் இப்போது வேறு ஆளுக்குப் போய்விட்டது, ஆனால் களஞ்சியத்தில் பழைய ஆள் நலமாக இருக்கிறார். எஸ்எஃப்சி அவரைத் திரும்பக் கொண்டுவந்து, சரிசெய்துவிட்டேன் என்கிறது. மாறாக, டிஸ்க்கில் அந்தக் கோப்பு இருந்த செக்டாரே (டிஸ்க்கின் சிறு துண்டே) கெட்டுப்போனால்? சிஸ்டம்32 வழியாகப் போனாலும் களஞ்சியம் வழியாகப் போனாலும் சந்திப்பது அதே நோயாளியைத்தான். கடன் வாங்க நல்ல நகல் இல்லை. அப்போதுதான் "முடியவில்லை" என்ற வரி வருகிறது. எத்தனை முறை ஓட்டினாலும் வரும். விண்எஸ்எக்ஸ்எஸ்ஸுக்குள் பேக்கப் என்ற சிறு ஃபோல்டரில் சில முக்கியக் கோப்புகளுக்கு உண்மையான தனி நகல் உண்டு. எல்லாவற்றுக்கும் இல்லை.

இவை போக வேறு இரண்டு பதில்களும் வரலாம். நிலுவையில் ஒரு பழுதுபார்ப்பு இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று வந்தால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கேட்ட வேலையைச் செய்ய இயலவில்லை என்று வந்தால் சேஃப் மோடில் ஓட்டுங்கள்.

லாக்கில் எந்த வரி?

லாக் இருக்கும் இடம் சி டிரைவ், விண்டோஸ், அதற்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ். கோப்பின் பெயர் சிபிஎஸ்.லாக். அங்கேயே திறந்தால் அனுமதி இல்லை என்று மறுக்கலாம். டெஸ்க்டாப்புக்கு ஒரு நகல் எடுத்து, அதை நோட்பேடில் திறந்துகொள்வது சுலபம்.

ஒவ்வொரு வரியும் தேதி, நேரம், வகை, பேசுபவர், செய்தி என்ற வரிசையில் இருக்கும். வகை என்பது பெரும்பாலும் இன்ஃபோ, சில இடங்களில் எரர். பேசுபவர் சிபிஎஸ் அல்லது சிஎஸ்ஐ, இரண்டும் விண்டோஸின் பாகங்களை நிறுவிப் பராமரிக்கும் உள்பகுதிகள். எரர் என்ற சொல்லைத் தேடத் தோன்றும். தேடாதீர்கள். எஸ்எஃப்சி தன் மோசமான செய்தியைக்கூட இன்ஃபோ என்ற வகையில்தான் எழுதுகிறது, சாதாரண அப்டேட் ஒன்று வழியில் எதையோ தேடிக் கிடைக்காமல் அடுத்ததற்குப் போனதை எரர் என்று எழுதியிருக்கும்.

எஸ்எஃப்சி எழுதிய வரிகளுக்கு அடையாளம், சதுர அடைப்புக்குள் எஸ், ஆர் என்ற இரண்டு எழுத்து. கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி அதைத் தேடுங்கள். "வெரிஃபையிங் 100 காம்பொனென்ட்ஸ்", "வெரிஃபை கம்ப்ளீட்" என்று நூறு நூறாகப் பாகங்களைச் சோதித்துக்கொண்டே போகும் வரிகள் வெறும் நடைபயணக் குறிப்பு. அவற்றைத் தாண்டிப் போய், "கேனாட் ரிப்பேர் மெம்பர் ஃபைல்" என்ற வரியில் நில்லுங்கள்.

அந்த வரியைத் துண்டு துண்டாக வாசிக்க வேண்டும். முதலில் சதுர அடைப்பில் எல், முக்காற்புள்ளி, ஓர் எண். அது பெயரின் நீளம் மட்டுமே, பொருட்படுத்த வேண்டாம். அடுத்து மேற்கோளுக்குள் கோப்பின் பெயர். பிறகு அது எந்தப் பாகத்தைச் சேர்ந்தது, பதிப்பு எண், 64 பிட்டா 32 பிட்டா. பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வரியின் கடைசியில்தான் நோய்க்குறி. "ஹாஷ் மிஸ்மேட்ச்" என்றால் கோப்பு இருக்கிறது, உள்ளடக்கம் மாறியிருக்கிறது. "ஃபைல் இஸ் மிஸ்ஸிங்" என்றால் கோப்பே இல்லை, யாரோ அல்லது எதுவோ அழித்திருக்கிறது. கிளீனர் மென்பொருள்களும் ஆன்டிவைரஸும் செய்யக்கூடியது இந்த இரண்டாவது. அருகிலேயே "குட் நாட் ரிப்ரொஜெக்ட்" என்று தொடங்கி, களஞ்சியத்தில் உள்ள மூலமும் சிதைந்திருக்கிறது என்று முடியும் வரி இருந்தால், இரண்டு பெயருக்கும் ஒரே நோயாளி என்பது உறுதி.

ஒரே கோப்பைப் பற்றி இந்த வரி இரண்டு, மூன்று முறை வரும். முதலில் சோதிக்கும்போது, பிறகு பழுதுபார்க்க முயலும்போது. பத்து வரி இருக்கிறதே என்று பத்துக் கோப்பு போய்விட்டதாக எண்ண வேண்டாம், பெயர்களை மட்டும் எண்ணுங்கள். "திஸ் காம்பொனென்ட் வாஸ் ரெஃபரன்ஸ்டு பை" என்று வருவது எந்த அப்டேட் தொகுப்பு அந்தக் கோப்பைக் கொண்டுவந்தது என்பதற்கான குறிப்பு. அது பிழை அல்ல.

இன்னொரு சோதனை, பலரும் செய்யாதது: எஸ்எஃப்சியை இரண்டு முறை ஓட்டி, இரண்டு முறையும் வந்த பெயர்களை ஒப்பிடுங்கள். அதே பெயர்கள் வந்தால் சிதைவு டிஸ்க்கில் பதிந்த சிதைவு. முதல் முறை ஒரு பட்டியல், இரண்டாம் முறை வேறு பட்டியல் என்று மாறினால், கோப்புகளின் மேல் பழி போடாதீர்கள். படிக்கும்போதே பிட் புரள்கிறது. ரேமைச் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட்டுங்கள். முடிவு, நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவர் என்ற விண்டோஸ் கருவியின் சிஸ்டம் லாக்கில் மெமரிடயக்னாஸ்டிக்ஸ்-ரிசல்ட்ஸ் என்ற பெயரில் பதிவாகும். பழுதான ரேமோடு எந்தப் பழுதுபார்க்கும் கருவியையும் ஓட்டக் கூடாது. அது நல்ல கோப்பைக் கெட்டதென்று நினைத்து, அதன்மேல் உண்மையிலேயே கெட்ட கோப்பை எழுதிவைக்கும்.

பொய்யான அபாயச் சங்கு

ஹாஷ் பொருந்தவில்லை என்றாலே டிஸ்க் போயிற்று என்று பதற வேண்டியதில்லை. 2015-இல் விண்டோஸ் 10 வெளிவந்த புதிதில், என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் நிறுவிய கணினிகளில் ஓப்பன்சிஎல்.டிஎல்எல் சிதைந்திருப்பதாக எஸ்எஃப்சி சொன்னது. டிரைவர் தன்னுடைய பதிப்பை அந்த இடத்தில் வைத்திருந்தது, அவ்வளவுதான். 2019 ஜூலையில் விண்டோஸ் டிஃபென்டரின் பவர்ஷெல் கோப்புகளை எஸ்எஃப்சி தவறாகச் சிதைந்தவை என்று காட்டியது. டிஃபென்டர் அப்டேட் கோப்புகளை மாற்றியிருந்தது, ஹாஷ் பட்டியல் பழையதாக இருந்தது. மைக்ரோசாஃப்டே இதை ஒப்புக்கொண்டது. ஆகவே லாக்கில் ஒரே ஒரு பாகத்தைச் சேர்ந்த கோப்புகள் மட்டும், அதுவும் அண்மையில் அப்டேட் ஆன பாகமாக இருந்தால், நிதானமாக அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாகங்களில் கோப்புகள் சிதறலாகக் கெட்டிருந்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டும்.

ஒரு கோப்பின் பெயர் கிடைத்ததும் இணையத்தில் அந்த டிஎல்எல்லைத் தேடி இறக்கும் பழக்கம் வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு வேறாக இருந்தால் ஹாஷ் பொருந்தாது, எஸ்எஃப்சி மறுபடி குறை சொல்லும். உள்ளே வைரஸ் இருக்கிறதா என்பது தனிக் கவலை.

களஞ்சியத்தைச் சரிசெய்வது

எஸ்எஃப்சிக்குக் கொடுக்கக் களஞ்சியத்தில் நல்ல நகல் இல்லையென்றால், முதலில் களஞ்சியத்தை நிரப்ப வேண்டும். அதற்குத்தான் டிஸ்ம் என்ற இன்னொரு கட்டளை. விண்டோஸ் 8 முதல் டிஸ்மை முதலிலும் எஸ்எஃப்சியை அடுத்தும் ஓட்டச் சொல்வதுதான் மைக்ரோசாஃப்டின் வழிகாட்டல். நடைமுறையில் எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்

கடைசிச் சொல்லின் இடத்தில் செக்ஹெல்த் என்று போட்டால் நொடியில் பதில் வரும். அது எதையும் சோதிப்பதில்லை, முன்பே சிதைவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. செக்ஹெல்த் நலம் என்று சொன்னதை நம்பி நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்கேன்ஹெல்த் உண்மையில் சோதிக்கும், ஆனால் கைவைக்காது. ரீஸ்டோர்ஹெல்த் சோதித்துச் சரியும் செய்யும். 20 சதவீதத்தில் பல நிமிடம் அசையாமல் நிற்பது இதன் வழக்கம். ஜன்னலை மூடிவிடாதீர்கள்.

நல்ல கோப்புகளை இது விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்குகிறது. எனவே இணைப்பு வேண்டும். அப்டேட் சேவையே கெட்டிருந்தால் இதுவும் தோற்கும். அடிக்கடி வரும் பிழை எண் 0எக்ஸ்800எஃப்081எஃப். பொருள்: மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை. அப்போது அதே பதிப்பு, அதே மொழி விண்டோஸ் ஐஎஸ்ஓவை (நிறுவல் டிஸ்க் முழுவதும் ஒரே கோப்பாக இருப்பது) இறக்கி, இரட்டைக் கிளிக் செய்து திறந்து, அதன் சோர்ஸஸ் ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டால்.விம் கோப்பை மூலமாகக் காட்ட வேண்டும். ஐஎஸ்ஓ டி என்ற எழுத்தில் திறந்ததாக வைத்தால், மேலே சொன்ன கட்டளையின் இறுதியில் இதைச் சேர்க்க வேண்டும்:

/சோர்ஸ்:விம்:டி:\சோர்ஸஸ்\இன்ஸ்டால்.விம்:1 /லிமிட்ஆக்சஸ்

கடைசி எண் 1 என்பது எல்லாருக்கும் பொருந்தாது. ஒரே விம் கோப்புக்குள் ஹோம், ப்ரோ என்று பல பதிப்புகள் இருக்கும், உங்களுடையது எத்தனையாவது என்று பார்த்துப் போட வேண்டும். அதைப் பார்க்க டிஸ்ம் /கெட்-விம்இன்ஃபோ /விம்ஃபைல்: என்று தட்டி, முக்காற்புள்ளியை ஒட்டிக் கோப்பின் பாதையைத் தாருங்கள். மீடியா கிரியேஷன் டூல் மூலம் எடுத்திருந்தால் இன்ஸ்டால்.விம் இருக்காது, இன்ஸ்டால்.இஎஸ்டி இருக்கும். இரண்டு இடத்திலும் விம் என்பதை இஎஸ்டி என்று மாற்றுங்கள். எல்லாம் சரியாகக் கொடுத்தும் அதே பிழை எண் வந்தால், ஐஎஸ்ஓ பழையது என்று பொருள்: சிதைந்தது பிந்தைய அப்டேட்டில் வந்த கோப்பாக இருக்கும், பழைய ஐஎஸ்ஓவில் அந்தப் பதிப்பு எப்படி இருக்கும்? லாக்கில் குறித்துக்கொண்ட பதிப்பு எண் இங்கேதான் உதவும்.

டிஸ்ம் முடிந்ததும் சிபிஎஸ்.லாக்கைப் புதிதாக நகலெடுத்து, "டோட்டல் டிடெக்டட் கரப்ஷன்" என்று தேடுங்கள். ஒரு சிறு கணக்குப் பட்டியல் கிடைக்கும். கண்டறிந்த சிதைவு எத்தனை, அதில் பேலோடு எத்தனை, மேனிஃபெஸ்ட் எத்தனை, சரிசெய்தது எத்தனை. பேலோடு என்றால் கோப்பு. மேனிஃபெஸ்ட் என்றால் ஹாஷ் பட்டியலே கெட்டிருக்கிறது, இது கூடுதல் தலைவலி. கண்டறிந்ததும் சரிசெய்ததும் ஒரே எண்ணாக இருந்தால் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டுங்கள், இந்த முறை அதற்குக் கடன் வாங்க நகல் இருக்கும்.

சிதைத்தது யார்?

கோப்புகள் சரியாகிவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். அடுத்த மாதமும் அதே கதை நடந்தால், காரணம் கீழே டிஸ்க்கில் இருக்கிறது. அதைச் சொல்லும் லாக் வேறு. ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம்.

எந்த நல்ல கணினியில் திறந்தாலும் அங்கே சிவப்புக் குறிகள் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டட்காம் எழுதும் 10016 போன்றவை வருடக்கணக்காக வந்துகொண்டிருப்பவை, கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. போனில் அழைத்து, ஈவன்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, "பாருங்கள், எத்தனை எரர்!" என்று பயமுறுத்திப் பணம் பறிக்கும் மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது இந்தச் சிவப்புக் குறிகளைத்தான்.

தேட வேண்டிய எண்கள் சில மட்டுமே. டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட பிளாக். 153 என்றால் படிக்கவோ எழுதவோ முயன்றது தோற்று மறுபடி முயன்றது. ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை, அடுக்கடுக்காக வந்தால் டிஸ்க்கோ கேபிளோ தளர்கிறது. 11 பெரும்பாலும் கேபிள் அல்லது கன்ட்ரோலர் பக்கம் கைகாட்டும். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டம்) எழுதும் 55 என்றால் ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பே கலைந்திருக்கிறது. இவற்றில் ஹார்டுடிஸ்க்0, ஹார்டுடிஸ்க்1 என்று வரும் எண்ணை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். கெட்ட பிளாக் உங்கள் சி டிரைவில் அல்ல, செருகியிருந்த பழைய பென்டிரைவில் என்று தெரியவரலாம்.

கெர்னல்-பவர் எழுதும் 41, ஈவன்ட்லாக் எழுதும் 6008 இரண்டும் கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்று சொல்பவை. இவை கரண்ட் போன கணத்தில் எழுதப்படுவதில்லை, செத்த கணினி எப்படி எழுதும்? அடுத்த முறை ஆன் ஆகும்போது எழுதப்படுகின்றன. எனவே காரணத்தைத் தேட அந்த வரிக்கு மேலேயும் கீழேயும் உள்ள நிமிடங்களை அல்ல, 6008 செய்திக்குள் குறித்திருக்கும் நேரத்துக்கு முந்தைய நிமிடங்களைப் பார்க்க வேண்டும். 41-இன் விவரத்தில் பக்செக்கோடு 0 என்றால் மின்தடையோ, உறைந்து போய் நீங்களே பவர் பட்டனை அழுத்தியதோ காரணமாக இருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத்திரை. எஸ்எஃப்சி குறை சொன்ன கோப்புகளும், சில நாள் முன்பு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது வந்த 41-உம் பொருந்திப் போனால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள்.

டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அளவீடுகளையும் பார்த்துவிடுவது நல்லது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் போதும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் 5 என்ற வரிசை இடம் மாற்றப்பட்ட செக்டார்கள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 திருத்த முடியாதவை. இவை பூஜ்யமாக இருப்பதே நலம். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கை விட கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்த மென்பொருள் இந்த எண்ணெல்லாம் பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் முறையில் காட்டும்: 197 அங்கே சி5, 198 அங்கே சி6.

197 ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் உடனே செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனைக் கட்டளையை ஓட்டாதீர்கள். முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். செக்டிஸ்க்கில் /ஆர் என்று கொடுத்தால் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் துழாவும், தள்ளாடும் டிஸ்க் அதிலேயே உயிரை விடலாம். கட்டமைப்பு மட்டும் சரிபார்க்க /எஃப் போதும். கட்டளையைத் தட்டும்போது சுருக்கி சி, எச், கே, டி, எஸ், கே என்று தட்ட வேண்டும். சி டிரைவ் பயன்பாட்டில் இருப்பதால் அடுத்த ரீஸ்டார்ட்டில் ஓட்டவா என்று கேட்கும், ஒய் அழுத்துங்கள். அதன் அறிக்கை திரையில் ஓடி மறைந்துவிடும், ஆனால் ஈவன்ட் வியூவரின் அப்ளிகேஷன் லாக்கில் வின்இனிட் என்ற பெயரில் 1001 எண்ணோடு முழுதாகக் கிடைக்கும்.

செக்டிஸ்க் குறை இல்லை என்று சொன்னதால் கோப்புகள் நலம் என்று ஆகாது. என்டிஎஃப்எஸ் தன் ஜர்னலில் (மாற்றங்களைக் குறிக்கும் ஏட்டில்) காப்பது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை மட்டும். கோப்புக்குள் இருப்பதை அல்ல. அலமாரியில் எல்லாப் புத்தகமும் இடத்தில் இருக்கிறது என்று நூலகர் சொல்வார், பக்கங்களைக் கரையான் அரித்ததா என்று அவர் புரட்டிப் பார்ப்பதில்லை. புரட்டிப் பார்ப்பது எஸ்எஃப்சி.

டிஸ்க்கும் ரேமும் நலம், ஆனாலும் டிஸ்ம் தோற்கிறது என்றால் ஃபார்மட் வரை போக வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே ஐஎஸ்ஓவைத் திறந்து செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள் என்ற தெரிவைக் கொடுத்தால், விண்டோஸ் தன்னை மட்டும் புதிதாக நிறுவிக்கொள்ளும். களஞ்சியம் முழுவதும் புதியதாகிவிடும். அந்தத் தெரிவு மங்கலாக இருந்து அழுத்த முடியவில்லை என்றால் ஐஎஸ்ஓவின் பதிப்போ மொழியோ பொருந்தவில்லை, நிறுத்திவிட்டுச் சரியானதை இறக்குங்கள். முடிந்த பின் எஸ்எஃப்சியை ஒருமுறை ஓட்டுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு ஈவன்ட் வியூவரில் 7, 55, 153 மறுபடி தலைகாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். காட்டினால் புது டிஸ்க் வாங்க வேண்டியதுதான்.